மூலை மடிச்ச அட்டை

கொஞ்சம் தள்ளி உக்காருங்கம்மா. இல்ல இல்ல, ஜன்னல் பக்கம் நீங்களே இருங்க, எனக்குக் காத்து ஆகாது. இந்தப் பைய மட்டும் நமக்கு நடுவுல வச்சுக்கிடுதேன். பெருசா இருக்கேன்னு பாக்காதிய, கனமே கெடயாது. கீழ வைக்க மாட்டேன். கீழ பாத்தியளா? எவனோ அவிச்ச கடலையத் தின்னுட்டுத் தோலப் பூரா துப்பி வச்சிருக்கான். அதுக்கு அந்தப் பக்கம் யாரோ வாந்தி எடுத்து, மேல மண்ணப் போட்டு மூடிருக்காவ. சீ. இந்த எலுமிச்சம்பழம் கையில இல்லன்னா நான் இந்த பஸ்ஸுல காலே வச்சிருக்க மாட்டேன்.

நான் கொம்பன்விளை வெலக்குல எறங்கணும். நீங்க அதுக்கும் அங்கிட்டா? நல்லதாப் போச்சு, எடம் வந்தா சொல்லுங்க. இதுக்கு முன்னால அந்த ஊருக்கு நான் போனதில்ல. போகணும்னு ஆசையும் கெடயாது. என் மகன் அங்க இருக்கான். அவனக் கூட்டிட்டு வரப் போறேன். திரும்பி வர சாயங்காலத்துக்கு மேல பஸ்ஸு கெடயாதாம், அதனால இன்னைக்கு அங்க தங்கிட்டு, நாளைக்குக் காலையில ஆராதனை முடிஞ்சதும் கையோட கூட்டிட்டு வந்துருவேன். வயசா? முப்பத்திநாலு. ஏன், முப்பத்திநாலு வயசு மகன அம்மா கூட்டிட்டு வரக் கூடாதா?

அவன அங்க புடிச்சு வச்சிருக்கது அந்த ஊரு ஐயரு. நீங்க பொட்டு வச்சிருக்கிய, அதனால வெவரமாவே சொல்லுதேன். எங்க சபையில பாதிரியார ஐயர்னு சொல்லுவோம். அவரு வீட்டம்மா ஐயரம்மா. காலங்காலமா அப்பிடித்தான். இப்ப பொம்பளையவே ஐயரா ஆக்கிட்டாவ. அவள நான் என்னன்னு கூப்புட? ஐயரம்மான்னா அவளுக்குப் புருசன் ஒருத்தரு ஐயரா இருக்கணும். இவளுக்குக் கல்யாணமே ஆவல. நான் பேரு சொல்லியே கூப்புடுவேன். பாக்கியசீலி. என் கீழ எட்டு வருஷம் சமையக்காரியா இருந்தவ.

ஆமாம்மா, சமையக்காரி. நான் மிஷன் பள்ளிக்கொடத்துல டீச்சர், பொம்பளப் பிள்ளைய ஹாஸ்டலுக்கு வார்டன். ஹாரியட் டீச்சர்னு எங்க பக்கம் கேட்டா சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இவ இருபத்திரண்டு வயசுல வந்து சேந்தா. தாய் தகப்பன் இல்ல. அம்பது பிள்ளையளுக்கு மூணு நேரமும் இவதான். நல்லாச் சமைப்பா, அத நான் இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அவ கையப் பாக்கணும் நீங்க. புதன்கெழமையும் சனிக்கெழமையும் மீன். முழங்கை வரைக்கும் செதிள் ஒட்டிக் கெடக்கும். அந்தக் கையோட எங்கிட்ட வந்து ஒரு நாள் நிக்கா. என்னட்டின்னு கேட்டேன். "டீச்சர், நான் ஊழியத்துக்குப் படிக்கணும். ஐயராகணும்"னு சொல்லுதா. எனக்குக் கொமட்டிக்கிட்டு வந்துது. மொதல்ல கையக் கழுவிட்டு வான்னு சொன்னேன். போய்க் கழுவிட்டு வந்து திரும்பவும் அதையே சொன்னா.

எனக்கு ஏன் அப்பிடி ஆச்சுன்னா, அது எங்க வீட்டு எடம். எம் மகனுக்குள்ள எடம்.

கல்யாணமாகி ஏழு வருஷம் எனக்குப் பிள்ளை இல்ல. எட்டாவது வருஷம் எபனேசர் பொறந்தான், எட்டாம் மாசத்துலயே. கோழிக்குஞ்சு கணக்கா இருந்தான். கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருந்தாவ. டாக்டரம்மா ஒண்ணுஞ் சொல்ல முடியாதுன்னுட்டா. நான் அந்தப் பெட்டி மேல கைய வச்சு, "ஆண்டவரே, இவன் பொழச்சா இவன் எனக்கு இல்ல, உமக்குத்தான். உம்ம பலிபீடத்துல நிப்பான்"னு பொருத்தன பண்ணேன். பொருத்தனன்னா நேர்ந்துக்கிடுறது. ஒங்கள்ல முடி எறக்குற மாதிரின்னு வச்சுக்கோங்க. பிள்ளை பொழச்சுட்டான். அப்ப நான் சொன்ன சொல்லு நிக்குதா இல்லையா?

அன்னையில இருந்து நான் காத்திருக்கேன். நானாப் போயி ஒண்ணையும் தேடல. ஆண்டவர் கூப்புடணும், அவன் கேக்கணும், போகணும். அதுதான் மொறை. நாமளா ஓடிப் போயி விண்ணப்பத்த நீட்டுறதுக்கு அது என்ன ரேஷன் கார்டா? எபியும் அப்பிடித்தான். இஞ்சினீரிங் படிச்சான், நாலு பாடம் நின்னு போச்சு, பரவால்ல. மெட்ராஸுல ஒரு வேலை, ஆறு மாசம், ஒத்துக்கல. வந்துட்டான். ஒவ்வொரு வருஷமும் திருமண்டலத்துல, அதான் எங்க சபைத் தலைமையில, ஊழியப் படிப்புக்கு ஆள் கேப்பாவ. நான் விண்ணப்பப் பாரம் வாங்கிட்டு வந்து அவன் கட்டில்ல வைப்பேன். "அம்மா, எனக்கு இன்னும் நிச்சயம் வரல. ஆண்டவர் எங்கிட்ட பேசல"ம்பான். நான் கட்டாயப்படுத்த மாட்டேன். சரி, காத்திருப்போம்யான்னு சொல்லிட்டு அவனுக்குப் பாலு ஆத்திக் குடுப்பேன்.

அந்தக் கட்டிலப் பத்திச் சொல்லவா? வேண்டாம், நீங்க வீட்டுல இருந்து சாப்புட்டுட்டு வந்திருப்பிய. மத்தியானம் பன்னெண்டு மணி வரைக்கும் போர்வைக்குள்ள. கையில போனு. சிப்ஸத் தின்னு தின்னு வெரல தலகாணியில தொடைப்பான். எண்ணெயும் காரமும் எறங்கி அந்தத் தலகாணி மஞ்சளாயிட்டு. நானும் வாரம் ஒருக்கா உறையத் தொவைப்பேன், போவாது. பக்கத்துல போனாலே ஒரு வாடை. பெத்த பிள்ளைய அப்பிடிச் சொல்லக் கூடாது, ஆனா எனக்கு அருவருப்பாத்தான் இருக்கும். யாரும் கேட்டா, "எபி காத்திருப்புல இருக்கான்"னு சொல்லுவேன். எங்க சாருக்கு, அதான் எங்க வீட்டுக்காரவியளுக்கு, அதுல சிரிப்பு. "காத்திருக்கானா, காத்து வாங்கிட்டு இருக்கானா?"ன்னு ஒரு நாள் கேட்டாவ. ரெண்டு நாளு நான் அவியகிட்ட பேசல.

இங்கன இப்பிடின்னா அங்கன அவ ஓடுதா. ஒரு கிறிஸ்தவப் பிள்ளைக்கு அமர்க்கை வேண்டாமா? மொத டிகிரி வேணும்னாவ. தபால்ல படிச்சா. அடுப்புக்குப் பக்கத்துல அரிசிமா டின்னுல புஸ்தகத்தச் சாத்தி வச்சுக்கிட்டு, ஒரு கையால தேங்காயத் துருவிக்கிட்டு. அந்தப் புஸ்தகத்த நான் ஒருநாள் எடுத்துப் பாத்தேன். பக்கத்துக்குப் பக்கம் மஞ்சப்பொடி வெரலு. சரித்திரப் புஸ்தகத்துல சாம்பார் வாடை. தூக்கிப் போட்டுட்டேன். மூணு வருஷத்துல பாஸாயிட்டா.

மொதத் தடவை நேர்காணலுக்குப் போனா. எடுக்கல. வந்து ஸ்டோர் ரூமுக்குள்ள போயி கதவச் சாத்திக்கிட்டு அழுதா. நான் வெளிய நின்னு கேட்டேன். ஜெபமா அது? பேரம். "நான் இனிமே காப்பி குடிக்க மாட்டேன் ஆண்டவரே, வெள்ளிக்கிழம சாப்புட மாட்டேன், என்ன மட்டும் எடுத்துக்கோங்க"ன்னு. காய்கறிக் கடைக்காரன்கிட்ட பேசுற மாதிரி. ரெண்டாந் தடவையும் எடுக்கல. அப்ப அழல. கோவம். ஒரு வாரம் பாத்திரத்தப் போட்டு ஒடைக்கா. ராச்சாப்பாட்டுக்கு ஜெபம் பண்ணச் சொன்னா, "நான் இப்ப அவர்கூட பேசுறதில்ல டீச்சர், பிள்ளையள்ல யாராவது பண்ணட்டும்"னு சொல்லுதா! அந்த வாய என்னன்னு சொல்ல? ஆண்டவர்கூட சண்ட போட்டுட்டு அவருக்கே ஐயராகப் போறாளாம்.

மூணாந் தடவைக்கு நன்னடத்தைச் சான்று வேணும்னு எங்கிட்ட வந்தா. வார்டன்தான் குடுக்கணும். நான் எழுதிக் குடுத்தேன். "சமையல் நன்றாகச் செய்வார். பாத்திரங்களைச் சுத்தமாக வைத்துக்கொள்வார்." ஒறையில போட்டு ஒட்டிக் குடுத்தேன். அதுல பொய் உண்டுமா? ஒரு வார்த்த பொய் உண்டுமா? நீங்களே சொல்லுங்க. நல்லாச் சமைச்சா, சமைச்சான்னு எழுதினேன்.

எடுக்கல.

அந்தத் தடவை அவ அழவும் இல்ல, பாத்திரத்த எறியவும் இல்ல. மறுநாள் காலையில நாலரைக்கு அடுப்பு எரியுது, இட்லி வேகுது. எனக்கே ஒரு மாதிரி ஆயிட்டு. சாயங்காலம் அவ ஜெபம் பண்ணுறத நின்னு கேட்டேன். ஹாஸ்டல்ல ஒரு பிள்ளைக்கு வலிப்பு, அதுக்காக. அடுப்புக்கு வெறகு சுமக்கிறவன் மக கல்யாணத்துக்காக. எனக்கு மூட்டுவலி, அதுக்காக. தனக்குன்னு ஒண்ணுகூட கேக்கல. நான் மனசுக்குள்ள நெனச்சேன், முடிஞ்சு, இவ விசுவாசம் வத்திப் போச்சு. விசுவாசம் இருந்தா கேக்கணும்லா? கேக்கவே இல்லன்னா என்ன அர்த்தம்? எங்க சார்கிட்டயும் சொன்னேன். அவிய பேப்பரப் பாத்துக்கிட்டே, "வத்திப் போனவ நாலரைக்கு எதுக்கு எந்திரிக்கா?"ன்னு கேட்டாவ. அவிய எப்பவும் அப்பிடித்தான், ஒண்ணு கெடக்க ஒண்ணு பேசுவாவ.

இருங்க, இந்தப் பழத்த ஒருக்கா மோந்துக்கிடுதேன். முன் சீட்டுக்காரன் தலையில என்ன எண்ணெய்யத் தேச்சிருக்கானோ.

இப்ப நான் சொல்லப் போறதுதான் விஷயம். எங்க சபையில வருஷப் பொறப்பு அன்னைக்கு வாக்குத்தத்த அட்டைன்னு ஒண்ணு உண்டு. சின்னச் சின்ன அட்டை, ஒவ்வொண்ணுலயும் ஒரு வேத வசனம். ஒரு தட்டுல எல்லாத்தயும் கவுத்தி வச்சு வரிசையா கொண்டு வருவாவ. கண்ண மூடி ஒண்ண எடுக்கணும். அந்த வருஷம் பூரா அதுதான் ஆண்டவர் ஒங்களுக்குக் குடுத்த வாக்கு. வீட்டுல நெலைக்கு மேல ஒட்டி வைப்போம். எங்க சபையில அந்த அட்டைய வெட்டி எழுதுறது பெண்கள் சங்கத்துக் காரியதரிசி. இருபது வருஷமா நான்தான்.

நான் ரிட்டயர் ஆகுற வருஷம். எபிக்கு இருபத்தியெட்டு ஆவப் போகுது. கட்டில்ல கெடக்கான். எனக்கு ஒறக்கமே இல்ல. அப்பத்தான் ஒரு யோசன வந்துது. யாரை அனுப்பலாம், யாரு போவான்னு ஆண்டவர் கேக்குற வசனம் ஒண்ணு இருக்கு. ஊழியத்துக்குப் போறவிய எல்லாரும் அதத்தான் சொல்லுவாவ. அத ஒரு அட்டையில என் கையெழுத்துல அழகா எழுதினேன். எழுதி, ஒரு மூலைய லேசா மடிச்சு விட்டேன். எபிகிட்ட, "யய்யா, தட்டு வரும்போது மூலை மடிச்ச அட்டை வலது ஓரத்துல இருக்கும், அத எடு"ன்னு சொல்லி வச்சேன். ஏமாத்தா? இதுல என்னம்மா ஏமாத்து? ஆண்டவர் பேசல பேசலன்னு பிள்ளை சொல்லுதான். அவருக்கு ஒரு கை குடுத்தேன், அவ்வளவுதான். வசனம் அவருது, அட்டை மட்டுந்தான் என்னது.

காலையில அஞ்சு மணி ஆராதனை. எபிய எழுப்புனேன், எழுப்புனேன், தண்ணியத் தெளிச்சேன். "எனக்கும் சேத்து நீங்களே எடுத்துட்டு வாங்கம்மா"ன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்டான். தூ. என்ன சென்மமோ. சரின்னு நான் போனேன். பொம்பளைய பக்கம் தட்டக் கொண்டு போறது நான்தான். அந்த அட்டைய வலது ஓரத்துல வச்சு அது மேல கட்டைவிரல வச்சுக்கிட்டேன். ஒருத்தரும் எடுத்துரக் கூடாது பாருங்க, கடைசியில எபி பேருல நானே எடுக்கணும். அப்பிடியே வரிசை வரிசையாப் போறேன். அந்த வருஷம் பம்பாயில இருந்தும் மெட்ராஸுல இருந்தும் கூட்டம் வந்துட்டு. அட்டை கொறையுது. என் வெரலு வலிக்குது. கடைசி வரிசை முடிஞ்சுது, அப்பாடான்னு திரும்புறேன், வாசல்ல இவ நிக்கா. ஹாஸ்டல்ல பண்டிகைச் சாப்பாட்டுக்கு அரிசியப் போட்டுட்டு ஓடி வந்திருக்கா. ஈரக் கை. முந்தானையில தொடச்சுக்கிட்டே வந்து தட்டுக்கு முன்னால நிக்கா.

தட்டுல வேற ஒண்ணும் இல்லம்மா. என் கட்டைவிரலும், அதுக்குக் கீழ அந்த அட்டையும்.

நான் வெரல எடுக்கல. அவ என்னப் பாக்கா. நான் அவளப் பாக்கேன். பின்னால கோயில் பூரா பாக்குது. ஐயரு பாட்ட நிறுத்திட்டாரு. அவ பைய, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி, "டீச்சர், வெரல் வலிக்கப் போகுது"ன்னு சொன்னா. எடுத்துட்டேன். வேற என்ன செய்ய?

அவ எடுத்துப் படிச்சா. மொகத்துல ஒண்ணும் இல்ல. ஒரு சிரிப்பு உண்டுமா, ஒரு கண்ணீர் உண்டுமா? மடிச்சிருந்த மூலைய வெரலால நீவி நேராக்குனா. அத என்னால தாங்க முடியல.

மத்தியானமே போயிட்டேன் அடுக்களைக்கு. சட்டி கழுவிக்கிட்டு இருந்தா. "அது எபிக்கு உள்ளது, குடு"ன்னேன். மூலைய மடிச்சதயும் சொல்லிட்டேன், எனக்கென்ன பயம். அவ கையத் தொடச்சா. "எடுத்துக்கோங்க டீச்சர். எனக்கு இத வச்சு ஆக வேண்டியது ஒண்ணுமில்ல. கூப்புட்டா போவேன், கூப்புடலன்னா இங்க இட்லி சுடுவேன். ரெண்டும் அவரு வேலைதான"ன்னு சொன்னா. பாத்தியளா, எம்புட்டுத் திமிரு? வாக்குத்தத்தம் வேண்டாங்குறா! குடுக்குறதுக்கு முன்னால, "ஒரு நிமிஷம்"னு பலசரக்கு எழுதுற பென்சில எடுத்து அட்டைக்குப் பின்னால எதையோ எழுதுனா. வீட்டுக்கு வந்து பாக்கேன், "எபனேசர் தம்பி"ன்னு போட்டு அன்னைக்குத் தேதி. அவ்வளவுதான். வேத வசனம் எழுதுன அட்டையில பலசரக்குப் பென்சில்ல கிறுக்கி வச்சிருக்கா. நான் அழிச்சுப் பாத்தேன், தடம் போவல.

எபி மேசையில வச்சேன். ஒரு வாரத்துல அது மேல காப்பித் தம்ளர வச்சு வட்டக் கறை. என் கையெழுத்து மேல. நான் எங்க போயி முட்டிக்கிட?

அந்த வருஷம் நான் ரிட்டயர் ஆயிட்டேன். புது வார்டன் வந்தா, அவ வேற மாதிரிச் சான்று எழுதிக் குடுத்துருக்கா. நாலாந் தடவை. வயசு தாண்டப் போற நேரம், கடைசித் தடவை. எடுத்துட்டாவ. நாலு வருஷம் படிச்சா, போன வருஷம் ஐயரா அபிஷேகம். நான் போவல. எங்க சார் போனாவ. வந்து என்ன சொன்னாவ தெரியுமா? அவ நடத்துன மொத ஆராதனையில திருவிருந்து வாங்கினேன்னு சொன்னாவ. அப்பத்த உள்ளங்கையில வச்சா, வாங்கிச் சாப்புட்டேன்னு. அந்தக் கையாலயா? மீன் கழுவுன கையாலயான்னு கேட்டேன். "ஆண்டவரு பக்கத்துல வச்சிருந்தவனுவ பூரா மீன்காரனுவதானட்டி"ன்னு சொல்லிட்டு அவிய குளிக்கப் போயிட்டாவ.

சரி, அது போகட்டும். எம் மகனுக்கு என்ன ஆச்சுன்னு கேளுங்க. இந்த வருஷப் பொறப்புக்கு அப்பொறம் பேச்சக் கொறச்சுட்டான். கதவச் சாத்திக்கிட்டான். சாப்பாட்டத் தட்டோட வாசல்ல வச்சுட்டு வருவேன், அப்பிடியே இருக்கும். ஒரு நாள் நான் பாரத்த எடுத்துக்கிட்டு உள்ள போனேன். எந்திரிச்சு உக்காந்து சொல்லுதான், "அம்மா, ஆண்டவர் எங்கிட்ட பேசுறதுக்கு நீங்க இடமே விடலயேம்மா." பொறந்ததுல இருந்து ஒரு நாளும் அவன் எங்கிட்ட அப்பிடிப் பேசினதில்ல.

ஒங்ககிட்ட சொல்லுறதுக்கென்ன, நீங்க யாரோ நான் யாரோ. அன்னைக்கு எனக்கு ஒரு பயம் வந்துது. நான் நேர்ந்து குடுத்தத ஆண்டவர் வாங்கிக்கிடவே இல்லையோன்னு. கண்ணாடிப் பெட்டிக்கு மேல கைய வச்சுக் குடுத்தேன் பாருங்க, அத அவரு அங்கனயே வச்சுட்டுப் போயி, அடுக்களையில செதிளோட நின்னவளக் கூட்டிட்டுப் போயிட்டாரோன்னு. அப்ப நான் முப்பத்திநாலு வருஷமா யாருக்குக் காத்துக்கிட்டு இருந்தேன்? சொல்லுங்க. ஒங்க சாமியாவது இப்பிடிச் செய்யுமா?

மூணு வாரத்துக்கு முன்னால ஒரு செவ்வாக்கிழமை. காலையில கதவு தொறந்து கெடக்கு. கட்டில் காலி. போர்வைய மடிச்சு வச்சிருக்கு! அவன் பொறந்த நாளுல இருந்து போர்வை மடிச்சதே இல்ல, அதப் பாத்துத்தான் எனக்கு உசுரே போச்சு. கெணத்த எட்டிப் பாத்தேன், ஆமா, பாத்தேன். கத்துறேன். எங்க சார் வெளிய இருந்து சாவகாசமா வாராவ. அவியதான் கொண்டு போயி பஸ் ஏத்தி விட்டுட்டு வந்திருக்காவ. வந்து எங்கிட்ட காப்பி கேக்காவ! இப்பிடி ஒரு மனுசன நீங்க பாத்திருக்கியளா?

அப்பொறந்தான் தெரியுது. பாக்கியசீலி எபி பொறந்தநாளுக்கு வருஷா வருஷம் போன் பண்ணுவாளாம். ஆறு வருஷமா. எனக்குத் தெரியாது. இந்தத் தடவை பேசும்போது, கொம்பன்விளையில ஒரு போர்டிங், முப்பது பிள்ளைய, சமையக்காரர் கால ஒடிச்சுக்கிட்டாரு, ஆள் இல்ல, வந்து ரெண்டு வாரம் நிக்க முடியுமா தம்பின்னு கேட்டிருக்கா. ஆண்டவர் பேசுனாரா, நிச்சயம் வந்துதா, ஒண்ணுங் கேக்கல. மீன் கழுவத் தெரியுமான்னு கேட்டிருக்கா. தெரியாதுன்னு சொல்லிருக்கான். சொல்லித் தாரேன்னு சொல்லிருக்கா.

போன வாரம் போன் பண்ணான். "அம்மா, நாலரைக்கு எந்திரிக்கேன்"ங்கான். என் பிள்ளை! "இன்னைக்குச் சாளை மீனு, ரெண்டு கூடை. ஒரு சின்னப் பிள்ளைக்கு முள்ளு எடுத்துக் குடுத்தேம்மா"ன்னு சொல்லுதான். சிரிக்கான். அவன் சிரிச்சு எத்தன வருஷமாச்சுன்னு எனக்கு ஞாபகமே இல்ல. எனக்கு ஒடம்பெல்லாம் கூசிட்டு. பலிபீடத்துல நிக்கணும்னு கேட்டுப் பெத்த பிள்ளை, செதிளு ஒட்டுன கையோட அடுக்களையில நிக்கான். ரெண்டு வாரம் மூணு வாரமாயிட்டு. எப்பல வருவன்னு கேட்டா, "பாக்கலாம்மா"ங்கான். அதான் நானே கெளம்பிட்டேன்.

அந்த அட்டையக் கொண்டு வந்திருக்கேன். அவ மூஞ்சியில எறிஞ்சுட்டு வரணும்னுதான். இந்தா, பர்சுலதான் இருக்கு. பாருங்க, காப்பிக் கறை. திருப்பிப் பாருங்க. மேல இருக்க பென்சிலு அவ எழுதுனது. அதுக்குக் கீழ பேனாவுல இருக்கது எபி. கட்டிலுக்கு அடியில கூட்டும்போது கெடச்சுது. தேதி அந்தச் செவ்வாக்கிழமை. "நான் போறேன்." அம்புட்டுத்தான். எங்க போறான், எதுக்குப் போறான், எப்ப வருவான், ஒரு வெவரம் உண்டுமா? முன்பக்கம் வேத வசனம், பின்பக்கம் ஆளாளுக்குக் கிறுக்கல். படிச்ச பிள்ளை எழுதுற லெட்டரா இது? என்னம்மா, அதையே பாத்துக்கிட்டு இருக்கிய? முன்பக்கமா? முன்பக்கந்தான் சொன்னேன்லா, யாரு போவான்னு ஆண்டவர் கேக்குற வசனம். அதுக்கென்ன இப்ப?

குடுங்க இங்க.

நாளைக்கு வேற மொத ஞாயித்துக்கிழமை. திருவிருந்து உண்டும். அவதான் குடுப்பா. எல்லாரும் எந்திரிச்சுப் போவாவ. நான் மட்டும் பெஞ்சுல இருந்தா எபி பாப்பான். போனா கைய நீட்டணும். இந்தக் கைய. வெரலப் பாருங்க, மூட்டுவலி இப்ப இதுக்கும் வந்துட்டு, மடக்கவே முடியல. நீட்டவா வேண்டாமான்னு நான் இன்னும் முடிவு பண்ணல.

என்ன கேட்டிய? பையிலயா? அவன் தலகாணிம்மா. அதான் கனமில்ல. அது இல்லாம அவனுக்கு ஒறக்கம் வராது, மூணு வாரமா எத வச்சுப் படுக்கானோ. பஞ்சப் பிரிச்சு ரெண்டு நாளு வெயில்ல போட்டு, புது உறை தச்சுப் போட்டிருக்கேன். இப்ப வாடையே இல்ல, வேணும்னா மோந்து பாருங்க.

என்னது?

கூட்டிட்டு வரத்தான் போறேன். நாளைக்கே கூட்டிட்டு வந்துருவேன்னு மொதல்லயே சொன்னேன்லா. அப்ப தலகாணி எதுக்குன்னா… எதுக்குன்னா… ஒரு ராத்திரி படுக்க மாட்டானா அவன்?

இந்த வெலக்குதானா? யப்பா கண்டக்டர், நிறுத்துங்க, எறங்கணும். தள்ளுங்கம்மா. ஐயோ, இந்தக் கடலைத் தோலு வேற. அந்தப் பைய மட்டும் எடுத்துக் கையில குடுங்க. பாத்து, பாத்து, நசுங்கிராம.